விற்பதா, புதுப்பிப்பதா, விட்டுவிடுவதா?

இணையதளத்தையும் சும்மா கிடக்கும் டொமைன் பெயர்களையும் (இணையதள முகவரிகள்) விற்பது பற்றி சேலம், ஏற்காடு பக்கமிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த மாதம் பதில்.

ஏற்காட்டில் தங்குமிடங்கள், பார்க்க வேண்டிய இடங்கள் பற்றி ஏழு வருடமாக ஒரு தளம் நடத்துகிறேன். விளம்பரமும் ஹோம்ஸ்டே கமிஷனும் சேர்த்து மே மாதத்தில் 45,000 ரூபாய் வரும். ஐப்பசி மழையில் 6,000-க்கு இறங்கிவிடும். எந்த மாதம் விற்றால் நல்ல விலை கிடைக்கும்?
– வாசகர், ஏற்காடு

மே மாதக் கணக்கை மட்டும் காட்டி விலை பேச முடியாது. வாங்குகிறவர் கடைசி 12 மாத வரவைக் கூட்டி, செலவைக் கழித்து, 12-ஆல் வகுத்துத்தான் பேச்சையே ஆரம்பிப்பார். உங்கள் வருட வரவு 2,16,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஹோஸ்டிங் (தளத்தை வைத்திருக்கும் சர்வருக்கான வாடகை), டொமைன், கட்டுரை எழுதுகிறவருக்குக் கொடுத்தது எல்லாம் 48,000. மீதி 1,68,000, அதாவது மாதம் 14,000. இதை எத்தனை மாதத்தால் பெருக்குவது என்பதுதான் பேரமே. உங்களுடையதைப் போன்ற சின்னத் தளங்களுக்கு 20 முதல் 30 வரை பேசுவது வழக்கம். அப்படியானால் 2,80,000-லிருந்து 4,20,000 வரை.

இதில் பலரும் கோட்டைவிடும் இடம் சொந்த உழைப்பு. வாரம் பத்து மணி நேரம் நீங்களே படம் எடுத்து, எழுதி, ஹோம்ஸ்டேகாரர்களிடம் போனில் பேசுகிறீர்கள் என்றால், வாங்குகிறவர் அந்த வேலைக்கு ஆள் வைக்க வேண்டும். மாதம் 5,000 சம்பளம் என்றால் 14,000 என்பது 9,000 ஆகிவிடும். 25 மடங்கு போட்டாலும் 2,25,000-தான். அவர் அதைக் கண்டுபிடித்துக் குறைப்பதைவிட நீங்களே முதலில் கழித்துக் காட்டுங்கள். மற்ற கணக்கை அவர் நம்புவதற்கு அது உதவும்.

மாதத்தைப் பொறுத்தவரை, பொங்கல் முடிந்ததும் விற்பனைக்கு வையுங்கள். ஆள் கிடைத்து, கணக்கைச் சரிபார்த்து, பணம் கைமாற இரண்டு மூன்று மாதம் ஓடிவிடும். மார்ச் கடைசிக்குள் முடிந்தால் ஏப்ரல், மே சீசன் வாங்குகிறவருக்கு. போட்ட பணத்தில் ஒரு பங்கு கண்ணெதிரே திரும்பி வரும் என்றால் அவர் கொஞ்சம் கூட்டித்தான் கேட்பார். ஜூனில் வைத்தால் புதுக் கணக்கு கையில் இருக்கும். ஆனால் வாங்குகிறவர் மழைக்காலம் முழுக்கக் காத்திருக்க வேண்டும், அதைச் சொல்லியே விலையை இறக்குவார். எப்போது வைத்தாலும் இரண்டு வருட மாதக் கணக்கைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். ஒரு வருடம் மட்டும் பார்த்தால் அக்டோபர் இறக்கம் வீழ்ச்சி மாதிரித் தெரியும். இரண்டு வருடம் பார்த்தால்தான் அது மழை என்று புரியும்.

உண்மையான வீழ்ச்சி என்றால் கதை வேறு. கூகுள் 2024-லிருந்து இந்தியாவிலும் தேடல் முடிவுகளுக்கு மேலேயே ஏ.ஐ. பதிலைக் காட்டுகிறது. ‘ஏற்காட்டில் பார்க்க வேண்டிய இடங்கள்’ மாதிரியான பொதுவான கட்டுரைகளுக்கு அதனால் கிளிக் குறையும். போன மே மாதத்தைவிட இந்த மே குறைந்து, மற்ற மாதங்களும் அதேபோல் குறைந்திருந்தால், பழைய நிலை திரும்பட்டும் என்று சும்மா உட்கார்ந்திருக்காதீர்கள். ஒன்று, ஆறு மாதம் உட்கார்ந்து வேலை செய்து நிமிர்த்துங்கள். இல்லையென்றால் இன்றைய விலைக்கு விற்றுவிடுங்கள். ஒன்றும் செய்யாமல் காத்திருந்தால், குறைகிற ஒவ்வொரு மாதமும் அந்த 12 மாதச் சராசரிக்குள் போய் உட்காரும்.

விற்பனைக்கு வைக்குமுன் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். ஹோம்ஸ்டே கமிஷன் வாய்ப்பேச்சாக இருந்தால், அது உங்கள் முகத்துக்குக் கிடைக்கும் பணம், தளத்துக்கு அல்ல. ஒரு பக்கமானாலும் எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, ‘தளத்தின் உரிமையாளர் மாறினாலும் இது தொடரும்’ என்று ஒரு வரி சேருங்கள். அடுத்தது, கூகுள் விளம்பரப் பணம் வரும் ஆட்சென்ஸ் கணக்கை இன்னொருவருக்கு மாற்ற முடியாது. வாங்குகிறவர் தன் கணக்கில் அனுமதி வாங்கி, தளத்தில் உள்ள விளம்பரக் குறியீட்டையும் ஆட்ஸ் டாட் டெக்ஸ்ட் (ads.txt) கோப்பில் உள்ள எண்ணையும் மாற்றும் வரை விளம்பர வரவு நிற்கும். இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வரவுக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால் யாரும் நம்ப மாட்டார்கள், நம்பவும் கூடாது. வீடியோ அழைப்பில் திரையைக் காட்டி, பக்கத்தை ஒருமுறை ரெஃப்ரெஷ் செய்து, தேதியை மாற்றிக் காட்டுங்கள். அனலிட்டிக்ஸில் பார்வையாளர் அனுமதி மட்டும் கொடுத்தால் போதும்.

ஆசை ஆசையாக வாங்கியதில் 34 டொமைன் பெயர்கள் சேர்ந்துவிட்டன. கொலுசு, ஜவ்வரிசி, மாம்பழம், சேலம் என்று எல்லாம் கலந்திருக்கிறது. ரினியூவலுக்கே பணம் கரைகிறது. எதை வைத்துக்கொள்வது?
– வாசகர், செவ்வாய்பேட்டை

ஒரு பெயருக்கு 1,200 ரூபாய் வைத்தாலே 34-க்கு வருடம் 40,800. டொமைன் தொழிலில் இருப்பவர்கள் சொல்லும் கணக்கு என்னவென்றால், நல்ல பெயர்களாகவே நூறு வைத்திருந்தாலும் வருடத்துக்கு ஒன்று இரண்டுதான் விற்கும். உங்கள் 34-க்கு இரண்டு வருடத்தில் ஒன்று விற்றாலே பெரிய விஷயம். அந்த ஒன்று 80,000-க்கு மேல் போனால்தான் ரினியூவல் காசே திரும்பும். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகக் கழியுங்கள்.

முதலில் போன் சோதனை. லீ பஜாரில் கடை வைத்திருக்கும் யாராவது ஒருவரைக் கூப்பிட்டு, பெயரை ஒரே ஒரு முறை சொல்லி, எழுதி வாட்ஸ்ஆப்பில் அனுப்பச் சொல்லுங்கள். ஜவ்வரிசிக்கு ஆங்கிலத்தில் ‘வி’ ஒன்றா இரண்டா? கொலுசு ‘கே’யில் ஆரம்பிக்கிறதா, ‘ஜி’யிலா? முடிவில் ‘யு’ ஒன்றா இரண்டா? இப்படித் திருப்பிக் கேட்டாலே அந்தப் பெயரின் விலை பாதி போச்சு. வாடிக்கையாளரும் அதே மாதிரித் தப்பாக அடித்து வேறொருவர் தளத்துக்குப் போவார். நடுவில் கோடு, எண் இருக்கும் பெயர்களையும் தள்ளிவிடுங்கள்.

பிறகு, பிறருடைய வர்த்தகப் பெயர் கலந்த டொமைன்கள். பெரிய நகைக்கடை, மொபைல் கம்பெனி, வாகனக் கம்பெனி பெயரோடு ‘சேலம்’ சேர்த்து வாங்கியிருந்தால் இன்றே விட்டுவிடுங்கள். டாட் காமுக்கு 1999-லிருந்து யு.டி.ஆர்.பி. என்ற தகராறு விதி இருக்கிறது. டாட் இன் பெயர்களுக்கு, அவற்றை நிர்வகிக்கும் நிக்ஸி அமைப்பின் ஐ.என்.டி.ஆர்.பி. இருக்கிறது. அந்தக் கம்பெனிக்கே ‘வாங்கிக்கொள்ளுங்கள்’ என்று எழுதினால், அந்தக் கடிதமே கெட்ட எண்ணத்துக்குச் சாட்சியாகிவிடும். பெயரும் போகும், ஒரு பைசாவும் வராது. சேலம் வெண்பட்டும் சேலம் ஜவ்வரிசியும் புவிசார் குறியீடு பெற்றவை. அந்தப் பெயர்களை அங்கீகாரம் உள்ள உற்பத்தியாளரிடமோ வியாபாரியிடமோ மட்டும் பேசுங்கள்.

‘சேலம்’ என்ற சொல்லில் ஒரு விசேஷம் உண்டு. அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்தின் தலைநகரும் சேலம்தான். 1692-ல் சூனிய வழக்குகள் நடந்த மாசசூசெட்ஸ் சேலத்துக்கு இன்றும் சுற்றுலாக் கூட்டம் போகிறது. ஆகவே ‘சேலம்’ என்பதோடு டூர், ஹோம்ஸ், டென்டல் மாதிரி ஆங்கிலச் சொல் சேர்ந்த டாட் காம் உங்களிடம் இருந்தால், வாங்குகிறவர் அங்கேயும் இருக்கலாம். அதை டாலர் விலையில் செடோ, ஆஃப்டர்னிக் போன்ற சந்தைகளில் வையுங்கள். இவற்றில் கமிஷன் 10 முதல் 25 சதவீதம் வரை போகும். ‘சேலம்’ என்பதோடு கொலுசு சேர்ந்த பெயருக்கு அமெரிக்காவில் ஆள் கிடையாது. அதற்கான ஆள் உங்கள் பக்கத்துத் தெருவில்தான்.

உள்ளூரில் விற்க, அந்தத் தொழிலில் இருக்கும் பத்துப் பதினைந்து பேருக்கு நேரடியாக நாலு வரி எழுதுங்கள்: பெயர் இது, என் பெயரில் இருக்கிறது, விலை இவ்வளவு, இந்தத் தேதி வரை. விலை போடாமல் ‘ஆஃபர் சொல்லுங்கள்’ என்றால் நம்மூரில் யாரும் பதில் எழுத மாட்டார்கள். விலை வைக்குமுன் நேம்பயோ தளத்தில் அதே மாதிரிப் பெயர்கள் என்ன விலைக்குக் கைமாறின என்று பாருங்கள். ரெஜிஸ்ட்ரார் (டொமைனைப் பதிவு செய்து தரும் கம்பெனி) தளத்தில் கம்ப்யூட்டர் தானாகச் சொல்லும் மதிப்பை நம்பி உட்காராதீர்கள்.

விடுகிற பெயர்களுக்கு ஆட்டோ ரினியூவலை இன்றே நிறுத்துங்கள். காலாவதியானதும் டாட் காம் உடனே போய்விடாது. ரெஜிஸ்ட்ராரைப் பொறுத்து 45 நாள் வரை சாதாரணக் கட்டணத்தில் மீட்க வழி இருக்கலாம். நீக்கப்பட்டபின் 30 நாள் ரிடெம்ப்ஷன், அதாவது கடைசி மீட்புக் காலம். அதில் மீட்கக் கட்டணம் பல மடங்கு. கடைசியாக 5 நாள் கழித்து யார் வேண்டுமானாலும் வாங்கலாம். மனசு மாறினால் அந்த முதல் கட்டத்திலேயே மாறுங்கள்.

என் டொமைனை வாங்க ஒருவர் ஆறு லட்சம் தருவதாக மெயில் அனுப்பியிருக்கிறார். அதற்குமுன் ஒரு குறிப்பிட்ட தளத்தில் மதிப்பீட்டுச் சான்றிதழ் வாங்கச் சொல்கிறார். கட்டணம் 9,000 ரூபாய். கட்டலாமா?
– வாசகி, ஆத்தூர்

கட்டாதீர்கள். அந்தத் தளமும் அவருடையதுதான். 9,000 போனதும் ஆளும் போய்விடுவார். நிஜமாக வாங்குகிறவருக்குச் சான்றிதழ் தேவையில்லை. ‘எஸ்க்ரோ மூலம், அதாவது ஒரு நடுவரிடம், பணம் கட்டுங்கள், உடனே மாற்றித் தருகிறேன்’ என்று ஒரு வரி பதில் எழுதிப் பாருங்கள், பேச்சு அங்கேயே நின்றுவிடும். ‘உங்கள் பெயரைச் சீனாவில் இன்னொரு கம்பெனி பதிவு செய்யப் போகிறது’ என்று வரும் மெயிலும், உங்கள் ரெஜிஸ்ட்ரார் அல்லாத கம்பெனியிடமிருந்து வரும் ரினியூவல் பில்லும் இதே வகைதான்.

எங்கள் இளம்பிள்ளைச் சேலைத் தளத்தை விற்க ஆள் வந்துவிட்டது. ஆனால் டொமைன், தளம் செய்து கொடுத்தவர் பெயரில் இருப்பது இப்போதுதான் தெரிந்தது. அவர் பழைய பாக்கி என்று 10,000 கேட்கிறார். என்ன செய்வது?
– வாசகி, அம்மாப்பேட்டை

முதலில் நிலவரம் பாருங்கள். டொமைன் பெயர்களை மேற்பார்க்கும் ஐகான் அமைப்பின் லுக்அப் பக்கத்தில் பெயரை அடித்தால் எந்த ரெஜிஸ்ட்ரார், எந்தத் தேதியில் காலாவதி என்று தெரியும். உரிமையாளர் பெயர் பெரும்பாலும் மறைத்திருக்கும். ரினியூவல் நினைவூட்டல் மெயில் யாருக்கு வருகிறதோ அவர் கையில்தான் சாவி.

பாக்கியைக் கொடுத்து முடிப்பதே நல்லது. வழக்குக்குப் போனால் ஆகும் செலவைப் பாருங்கள். டாட் காம் தகராறுக்கு வைப்போ எனும் உலக அறிவுசார் சொத்து அமைப்பில் ஒரு நடுவர் வைத்தாலே கட்டணம் 1,500 டாலர். அதோடு அது வர்த்தகப் பெயர் திருட்டைத்தான் விசாரிக்கும். தளம் செய்தவருக்கும் உங்களுக்கும் உள்ள கூலித் தகராறை அல்ல. 10,000 கொடுக்கிற அன்றே இந்த வரிசையில் வாங்குங்கள். அதே ரெஜிஸ்ட்ராரில் உங்கள் பெயரில், உங்கள் மொபைல் எண்ணில் ஒரு கணக்குத் திறங்கள். அவரை டொமைனை அந்தக் கணக்குக்கு புஷ் செய்யச் சொல்லுங்கள், அதாவது அதே ரெஜிஸ்ட்ராருக்குள் கணக்கு மாற்றுவது; சில நிமிட வேலை. உங்கள் கணக்கில் பெயர் தெரிந்ததும் பாஸ்வேர்டு, இரண்டடுக்குப் பாதுகாப்பு இரண்டையும் மாற்றிவிட்டு, பிறகு பணம் அனுப்புங்கள். ‘பாக்கி இல்லை, டொமைன், ஹோஸ்டிங், டேட்டாபேஸ் எல்லாம் ஒப்படைத்தேன்’ என்று வாட்ஸ்ஆப்பில் ஒரு வரியாவது வாங்கி வையுங்கள். அவர் மறுத்தால் தளம் செய்த பில், ஜி.எஸ்.டி. பதிவு, கடைப் பலகைப் படம் இவற்றோடு வக்கீல் நோட்டீஸ்.

இன்னொன்று. தளத்தோடு வாடிக்கையாளர் போன் எண்களையும் சேர்த்துக் கொடுப்பதாகச் சொல்லி விலை ஏற்றாதீர்கள். 2023-ன் தனிநபர் தரவுச் சட்டத்துக்குப் பிறகு அவர்கள் சம்மதம் இல்லாமல் பட்டியலைக் கைமாற்றுவது வம்பு. பேமென்ட் கேட்வே கணக்கும் உங்கள் கே.ஒய்.சி.யோடு கட்டியது, அது மாறாது. வாங்குகிறவர் புதிதாக எடுக்க வேண்டும்.

தளத்தை 2,50,000 ரூபாய்க்குப் பேசி முடித்துவிட்டோம். வாங்குகிறவரும் சேலத்தில்தான். யார் முதலில் கொடுப்பது, எந்த வரிசையில் ஒப்படைப்பது?
– வாசகர், ஓமலூர்

இரண்டு பேரும் ஊரிலேயே இருப்பது பெரிய வசதி. ஒரு பகல் ஒதுக்கி, இரண்டு லேப்டாப்போடு ஒரே மேஜையில் உட்காருங்கள்.

அதற்கு முந்தின நாள் செய்ய வேண்டியவை சில உண்டு. டொமைன் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் டி.என்.எஸ். பக்கத்தில் டி.டி.எல். மதிப்பு, அதாவது அந்த விவரத்தை மற்ற கம்ப்யூட்டர்கள் எத்தனை விநாடி நினைவில் வைத்திருக்கலாம் என்பது, 14,400 என்றோ 86,400 என்றோ இருக்கும். அதை 300 ஆக்குங்கள். அப்போதுதான் மறுநாள் சர்வர் மாறும்போது ஊரெல்லாம் ஐந்து நிமிடத்தில் புது இடத்துக்குப் போகும். இல்லாவிட்டால் ஒருநாள் முழுக்கப் பாதிப் பேருக்குப் பழைய தளமும் பாதிப் பேருக்குப் புதுத் தளமும் தெரியும். அந்த இடைவெளியில் வரும் ஆர்டர்கள் பழைய டேட்டாபேஸில் விழும். டி.என்.எஸ். பக்கம் முழுவதையும் நகல் எடுத்து வையுங்கள். பலர் தளத்தை மாற்றிவிட்டு மெயிலுக்கு வழி சொல்லும் எம்.எக்ஸ். வரிகளை மறந்துவிடுவார்கள், மெயில் வருவது நின்றுவிடும். தளக் கோப்புகளையும் டேட்டாபேஸையும் தனித்தனியாக பேக்கப் எடுத்து, வேறொரு இடத்தில் ஒருமுறை ஏற்றி ஓடுகிறதா என்று பாருங்கள். ஓட்டிப் பார்க்காத பேக்கப்பை நம்பி ஒப்படைக்கக் கூடாது.

உட்கார்ந்ததும் முதலில் ஒப்பந்தம். டொமைன், கோப்புகள், படங்கள், சமூக ஊடகப் பக்கங்கள், காசு கொடுத்து வாங்கிய பிளகின் உரிமங்கள் என்று என்னென்ன போகிறது என்பது ஒவ்வொன்றாக இருக்க வேண்டும். பிறகு 30 நாள் போனில் உதவி. ‘இதே மாதிரித் தளம் மறுபடி ஆரம்பிக்க மாட்டேன்’ என்ற நிபந்தனை கேட்பார்; கேட்பது நியாயம். 1872 ஒப்பந்தச் சட்டம் 27-ஆம் பிரிவு தொழில் செய்யத் தடை போடும் ஒப்பந்தங்களைச் செல்லாது என்கிறது. தொழிலின் நற்பெயரை விற்பவருக்கு மட்டும் விலக்கு, அதுவும் குறிப்பிட்ட எல்லைக்குள், நியாயமான அளவில். ஆகவே ‘சேலம் மாவட்டத்தில், இரண்டு வருடம்’ என்று எல்லை போட்டு எழுதுங்கள்.

பிறகு தளத்தை அவருடைய ஹோஸ்டிங்கில் ஏற்றி, டொமைன் மாறாமலே அவர் சோதித்துப் பார்க்கட்டும். திருப்தி என்றதும் அவர் ஆர்.டி.ஜி.எஸ். போடட்டும். அதற்குக் குறைந்தபட்சம் இரண்டு லட்சம் என்பதால் உங்கள் தொகைக்குச் சரி. வழக்கமாக அரை மணிக்குள் ஏறிவிடும். அவர் காட்டும் திரையைப் பார்க்காதீர்கள், உங்கள் வங்கிச் செயலியில் இருப்பைப் பாருங்கள். பணம் ஏறியதும் டொமைனை புஷ் செய்யுங்கள்.

வேறு ரெஜிஸ்ட்ராருக்குத்தான் வேண்டும் என்றால் லாக்கை எடுத்து ஆத் கோடு (மாற்ற அனுமதிக்கும் ரகசியக் குறியீடு) கொடுக்க வேண்டும், டாட் காம் மாற ஐந்து நாள் வரை ஆகும். பதிவு செய்தோ வேறு இடத்திலிருந்து மாற்றியோ 60 நாள் ஆகாத பெயர் நகராது. உரிமையாளர் பெயரைத் திருத்தினாலும் சில ரெஜிஸ்ட்ரார்கள் 60 நாள் பூட்டு போடுவார்கள். ஆகவே விற்கப்போகும் நேரத்தில் அந்த விவரங்களைத் தொடாதீர்கள். வெளியூர், வெளிநாட்டு ஆள் என்றால் எஸ்க்ரோ. அவர் பணத்தை நடுவரிடம் கட்டுவார், நீங்கள் மாற்றிக் கொடுப்பீர்கள், அவர் சரிபார்த்ததும் நடுவர் உங்களுக்கு அனுப்புவார். அந்த இணைப்பு அவர் அனுப்பும் மெயிலில் இருப்பதாக இருக்கக் கூடாது; முகவரியை நீங்களே அடித்துப் போங்கள். யு.பி.ஐ.யில் பணம் பெற பின் எண் தேவையே இல்லை என்பதும் நினைவிருக்கட்டும்.

பழைய ஹோஸ்டிங்கை ஒரு மாதம் அப்படியே விட்டுவையுங்கள்.

தமிழ் எழுத்திலேயே ‘டாட் இந்தியா’ என்று முடியும் பெயர் ஒன்று வைத்திருக்கிறேன். விலை போகுமா?
– வாசகர், சங்ககிரி

நடத்துவதற்கு நல்ல பெயர், விற்பதற்குக் கடினம். உள்ளே அது எக்ஸ்.என். என்று ஆரம்பிக்கும் ஆங்கில எழுத்துக் கோவையாகத்தான் இருக்கிறது. பல இடங்களில் மெயில் முகவரியாக ஏற்க மாட்டார்கள், சில படிவங்களில் பிழை காட்டும். மறுவிற்பனைச் சந்தை மிகச் சிறியது. ஒரு தமிழ்ப் பதிப்பகமோ பள்ளியோ பயன்படுத்தும் என்றால் வாங்கிய விலைக்கே கொடுங்கள். யாரும் இல்லையென்றால் நீங்களே ஒரு பக்கம் போட்டுப் பயன்படுத்துங்கள்.

விற்ற பணத்துக்கு வரி?
– வாசகர், ஃபேர்லேண்ட்ஸ்

இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருந்த சொத்தாக விற்றால் நீண்டகால மூலதன லாபம், 12.5 சதவீதம். அதற்குள் விற்றால் உங்கள் வழக்கமான வரி விகிதம். பெயர்களை வாங்கி விற்பதே வேலை என்றால் அது வியாபார வருமானம். ஓடுகிற தொழிலை முழுசாக விற்றால் ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு. பதிவு உள்ளவர் வெறும் பெயரை விற்றால் 18 சதவீதம். எது எதில் வரும் என்பதை ஒப்பந்தம் எழுதுமுன் ஆடிட்டரிடம் காட்டுங்கள், எழுதிய பின் அல்ல. முதல் வருடத்திலிருந்து ரினியூவல் பில்களை எடுத்து வையுங்கள்.

கடையை மூடிவிட்டோம். டொமைனை விற்கும் எண்ணமும் இல்லை. அப்படியே விட்டுவிட்டால் போதுமா?
– வாசகி, அஸ்தம்பட்டி

இந்த வருடம் விடாதீர்கள். பெயர் கைமாறிய மறுநாளே புதிதாக எடுத்தவர் அந்த டொமைனில் எந்த மெயில் முகவரியையும் உருவாக்கலாம். உங்கள் பழைய முகவரிக்கு வரும் பாஸ்வேர்டு மாற்றும் இணைப்பு, வங்கிக் கடிதம், மெயிலில் வரும் ஓ.டி.பி. எல்லாம் அவருக்குப் போகும். உங்கள் மெயிலில் ‘வெரிஃபை’, ‘இன்வாய்ஸ்’, ‘பாஸ்வேர்டு’ என்று தேடுங்கள். அந்த முகவரியில் எங்கெங்கே கணக்கு வைத்திருக்கிறீர்கள் என்று ஒரு பட்டியல் கிடைக்கும். ஜி.எஸ்.டி. தளம், வருமான வரித் தளம், வங்கி, கூகுள் கடைப் பக்கம், ஃபேஸ்புக், கூரியர் கணக்கு என்று ஒவ்வொன்றிலும் சொந்த முகவரியை மாற்றுங்கள். அதன்பின் ஒரு வருட ரினியூவல் கட்டி, வரும் மெயில் எல்லாம் உங்கள் சொந்த முகவரிக்கு வந்து விழும்படி ஃபார்வர்டு போடுங்கள். அடுத்த ரினியூவலுக்கு முந்தின மூன்று மாதம் அந்த வழியில் விளம்பரக் குப்பை தவிர எதுவும் வரவில்லை என்றால், அப்போது விடலாம்.